அரிசிப் பையில் எதற்குப் புற்றுநோய்ப் பேச்சு?

இயற்கை அங்காடிகளில் இப்போது விற்கும் பைகளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பாரம்பரிய அரிசியோ, முருங்கைக்கீரைப் பொடியோ, சத்துமாவோ, எதுவாக இருந்தாலும் பின்பக்கம் ஒரு பட்டியல் இருக்கும். இரும்புச்சத்து, துத்தநாகம், செலினியம். பட்டியலோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அதற்கு அடுத்த வரியிலேயே 'புற்றுநோய் வராமல் தடுக்கும்' என்று போட்டிருக்கிறார்கள். சில பைகளில் 'ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியைக் காக்கும்' என்றுகூடப் பார்த்தேன்.

அந்த வரியை நம் பைகளில் இருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. 'அட, ஒரு வரிதானே, எல்லாரும் போடுறாங்க, நாமளும் போட்டா என்ன?' என்று கேட்கும் நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன். செலினியமும் புற்றுநோயும் என்று யாரோ எங்கிருந்தோ ஒரு செய்தியைக் கொண்டுவந்து நம் சந்தையில் இறக்கியிருக்கிறார்கள். அந்தச் செய்தியின் முதல் பாதி மட்டும்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. மீதிப் பாதி வரவேயில்லை.

முதல் பாதியைச் சொல்கிறேன். 1983இல் அமெரிக்காவில் லாரி கிளார்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். அந்த நாட்டின் கிழக்குக் கரையோரப் பகுதி மண்ணில் செலினியம் குறைவு. அந்தப் பகுதியில் ஏற்கனவே ஒருமுறை தோல் புற்றுநோய் வந்து குணமான 1,312 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு நாளைக்கு 200 மைக்ரோகிராம் செலினியம், ஈஸ்ட்டில் ஏற்றி மாத்திரையாக. மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்கித் தின்பவருக்கும் தெரியாது. அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: தோல் புற்றுநோய் திரும்ப வருவது குறையுமா?

குறையவில்லை. ஆனால் 1996 டிசம்பரில் முடிவுகள் வெளியானபோது ஊரே பேசியது வேறொன்றை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 35 பேருக்கு புராஸ்டேட் புற்றுநோய் வந்திருந்தது. செலினியம் எடுத்தவர்களில் 13 பேருக்குத்தான். மூன்றில் இரண்டு பங்கு குறைவு! புற்றுநோயால் செத்தவர்களும் 57க்கு 29 என்று பாதியாகக் குறைந்திருந்தார்கள். மருந்துக்கடைகளில் செலினியம் மாத்திரை பறந்தது. நம்ம ஊர் பை வரைக்கும் வந்திருப்பது இந்தச் செய்திதான்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். 35, 13 என்பதெல்லாம் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய எண்ணிக்கை. அதுவும் சோதனை தொடங்கும்போது கேட்காத கேள்விக்குக் கிடைத்த பதில். நாம் வயலில் பூச்சிக்கு ஒரு கரைசல் தெளித்துப் பார்க்கிறோம். பூச்சி குறையவில்லை, ஆனால் ஒரு மூலையில் கதிர் நீளமாக இருக்கிறது. 'கரைசல்தான் கதிரை நீட்டியது' என்று அடுத்த நாளே விற்கக் கிளம்புவோமா? அடுத்த போகத்தில், நாலு வயலில், கதிரை மட்டும் கணக்குப் பண்ணிப் பார்த்துவிட்டுத்தானே சொல்வோம். கிளார்க்கின் முடிவைப் படித்த ஆய்வாளர்களும் அதைத்தான் செய்தார்கள். அந்த வகையில் அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

இரண்டாவது சோதனை 2001இல் தொடங்கியது. 'செலக்ட்' என்று பெயர். அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ மூன்று இடங்களிலும் சேர்த்து 35,533 ஆண்கள். இந்தத் தடவை கேள்வியே புராஸ்டேட் புற்றுநோய்தான். செலினியத்தோடு வைட்டமின் இ-யையும் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கும் ஒரு காரணம் உண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஒரு சோதனையில், வைட்டமின் இ எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. (அதே சோதனையில் கேரட்டின் மஞ்சள் சத்தான பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. காய்கறி தின்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்ற கணக்கை நம்பி, காயிலிருந்து ஒரு சத்தை மட்டும் பிரித்துக் கொடுத்ததற்குக் கிடைத்த பலன் அது. அதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.)

செலக்ட் சோதனையில் நாலு பிரிவு. ஒரு பிரிவுக்குச் செலினியம் மட்டும், ஒன்றுக்கு வைட்டமின் இ மட்டும், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு வெற்று மாத்திரை. ஏழு முதல் பன்னிரண்டு வருடம் நடத்துவதாகத் திட்டம். ஆனால் 2008 அக்டோபரில், சராசரியாக ஐந்தரை வருடம் ஓடியிருந்த நிலையில், 'மாத்திரையை நிறுத்திவிடுங்கள்' என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டார்கள். இரண்டு சத்தாலும் ஒரு பயனும் தெரியவில்லை, இன்னும் சில வருடம் ஓட்டினாலும் தெரியப்போவதில்லை என்பது கணக்கில் தெளிவாகிவிட்டது.

மாத்திரையை நிறுத்தினாலும் ஆட்களை விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். 2011இல் வந்த கணக்கு: வெற்று மாத்திரைப் பிரிவில் 529 பேருக்கு புராஸ்டேட் புற்றுநோய். செலினியப் பிரிவில் 575. வைட்டமின் இ பிரிவில் 620. ஒவ்வொரு பிரிவிலும் கிட்டத்தட்ட 8,700 பேர். செலினியத்தின் வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஒதுக்கினார்கள். வைட்டமின் இ-யின் 17 சதவீத உயர்வை அப்படி ஒதுக்க முடியவில்லை. நோயைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த மாத்திரை நோயைக் கூட்டியிருந்தது.

உழவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்தது. சோதனை தொடங்கும்போதே அந்த ஆண்களிடம் கால்நகத் துண்டுகளை வாங்கி வைத்திருந்தார்கள். எதற்கு நகம்? நாம் தின்னும் சாப்பாட்டில் இருக்கும் செலினியம் நகத்தில் போய்ப் படியும். கால்நகம் மெதுவாக வளர்வதால், வெட்டிப்போடும் துண்டில் பல மாதத்துக்கு முந்தைய சாப்பாட்டுக் கணக்கு இருக்கும். நமக்கு மண் பரிசோதனை எப்படியோ, அப்படி அவர்களுக்கு நகப் பரிசோதனை. 2014இல் அந்த நகங்களை அளந்து, யாருக்கு ஏற்கனவே செலினியம் போதுமான அளவு இருந்தது, யாருக்கு இல்லை என்று பிரித்துப் பார்த்தார்கள். ஏற்கனவே நிறைய இருந்தவர்கள் மேலும் செலினியம் மாத்திரை எடுத்தபோது, வேகமாகப் பரவும் வகை புராஸ்டேட் புற்றுநோய் அவர்களிடம் 91 சதவீதம் கூடியிருந்தது. குறைவாக இருந்தவர்களுக்குச் செலினியத்தால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

போரான் போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிது இல்லை. போரான் குறைந்தால் தென்னையில் குரும்பை கொட்டும். கொஞ்சம் கூடினால் இலை ஓரமெல்லாம் கருகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ரொம்பக் குறுகல். செலினியமும் அந்த ஜாதிதான். நம் நாட்டில் ஒருவருக்கு நாளைக்கு 40 மைக்ரோகிராம் போதும் என்கிறார்கள், அமெரிக்காவில் 55. ஒரு மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் போகக்கூடாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் வைத்திருக்கும் எல்லை 255தான். 2008இல் அமெரிக்காவில் ஒரு சத்து டானிக்கில் கலவை தப்பிப்போய், போட வேண்டியதைப் போல 200 மடங்கு செலினியம் சேர்ந்துவிட்டது. 201 பேர் முடி கொட்டி, நகம் உரிந்து, மூட்டு வலியோடு அவதிப்பட்டார்கள். அடுத்த வருடம் புளோரிடாவில் போலோ பந்தயத்துக்கு வந்த 21 குதிரைகள், இதே மாதிரி அளவு தப்பிய ஊசி மருந்தால் செத்து விழுந்தன.

முதல் சோதனையில் குறைந்தது, இரண்டாவதில் ஏன் குறையவில்லை? ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். முதல் சோதனை ஆட்களின் இரத்தத்தில் சராசரி செலினியம் 113 என்றால், இரண்டாவதில் 136, அதாவது வயிறு நிறைந்தவனுக்கு மறுபடி விருந்து வைத்த கதை என்கிறார்கள் சிலர். ஈஸ்ட் செலினியம் வேறு, இரண்டாவது சோதனையில் கொடுத்த மெத்தியோனின் செலினியம் வேறு என்கிறார்கள் சிலர். முதல் சோதனை எண்ணிக்கையே தற்செயல் என்பவர்களும் உண்டு. இதில் எனக்குத் தெரிந்து முதல் காரணத்துக்கு வலு இருக்கிறது. ஆனால் நகத்தில் செலினியம் குறைந்தவர்களுக்கும் பயன் இல்லை என்பதை வைத்துப் பார்த்தால் அதுவும் முழுக் காரணமாகத் தெரியவில்லை. அதோடு முதல் சோதனையின் ஆட்களையே பிறகு திரும்பக் கணக்கெடுத்தபோது, செலினியம் எடுத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் கூடுதலாக வந்திருந்தது. 2018இல் காக்ரேன் குழு இந்தச் சோதனைகளையெல்லாம் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்துவிட்டு, செலினியம் மாத்திரை புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டது.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலர் கைதட்டுவார்கள். 'பாத்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோம். மாத்திரை வேணாம், சோறுதான் வேணும். ரசாயன விவசாயம் மண்ணுல இருந்த சத்தையெல்லாம் தின்னுட்டுது, இயற்கையில விளைஞ்சா செலினியம் தானா வரும்.'

முதல் வாக்கியத்தில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. ஒரு சத்தை மட்டும் உருவி எடுத்து உருண்டையாக்கிக் கொடுப்பதும், தழை மணி சாம்பல் என்று மூன்றை மட்டும் மூட்டையில் கட்டிக் கொடுத்ததும் ஒரே புத்திதான். ஆனால் இரண்டாவது வாக்கியம் தப்பு. தானியத்தில் எவ்வளவு செலினியம் வரும் என்பதை முதலில் முடிவு செய்வது உழவர் இல்லை. அடியில் இருக்கும் பாறையும், மண்ணின் கார அமில நிலையும்தான். களர் போன்ற கார மண்ணில் செலினியம் நீரில் கரைந்து வேருக்கு எளிதாகப் போகும். புளித்த மண்ணில் இரும்போடு ஒட்டிக்கொண்டு, இருந்தும் இல்லாத மாதிரி கிடக்கும். தொழு உரம் போட்டாலும் பஞ்சகவ்யம் தெளித்தாலும், மண்ணிலேயே இல்லாத ஒன்று கதிரில் முளைத்துவிடாது.

பின்லாந்தைப் பாருங்கள். அங்கே மண் புளிப்பு, பயிருக்குச் செலினியம் கிடைப்பதில்லை. 1984இல் அந்த அரசு ஒரு முடிவெடுத்தது. நாட்டில் விற்கும் கலப்பு உரம் எல்லாவற்றிலும் செலினியத்தைச் சேர்க்க வேண்டும், தானியப் பயிருக்கான உரத்தில் கிலோவுக்கு 16 மில்லிகிராம். மக்கள் சாப்பாட்டில் செலினியம் சுமார் மூன்று மடங்கு உயர்ந்தது. கூடிப்போயிற்று என்று தெரிந்ததும் 1990இல் 6 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். ரொம்பக் குறைந்துவிட்டது என்று 1998இல் 10 ஆக்கினார்கள். உரத்தை அரசு அளந்து போட்டு, பயிரையும் மனிதரையும் வருடா வருடம் அளந்து, பிறகு திருத்திக்கொண்டார்கள். அந்த நாட்டில் இயற்கை வழியில் விளைந்த கோதுமையில்தான் செலினியம் குறைவு. அந்த உரத்தை அவர்கள் போடுவதில்லை, அவ்வளவுதான் காரணம். நமக்குப் பிடிக்காத உண்மையாக இருக்கலாம். ஆனாலும் உண்மை.

அதற்கு நேர் எதிர்ப்பக்கம் நம் நாட்டிலேயே இருக்கிறது. பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் மாவட்டங்களில் சில கிராமங்கள். சிவாலிக் மலையிலிருந்து காலம் காலமாக வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த வண்டலில் செலினியம் அள்ளிக் கிடக்கிறது. மண்ணோ கார மண். அந்தத் தீவனத்தைத் தின்ற எருமைகளுக்குக் குளம்பு வெடித்துக் கழன்றது, கொம்பு உதிர்ந்தது. மனிதர்களுக்கு முடி கொட்டி நகம் கோணியது. லூதியானாவில் இருக்கும் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்ணியலாளர்கள் பல வருடம் அங்கேயே ஆய்வு செய்து, ஜிப்சம் போட்டால் பயிர் எடுத்துக்கொள்ளும் செலினியம் குறைகிறது என்று கண்டுபிடித்தார்கள். கந்தகச் சத்தும் செலினியமும் வேருக்குள் போவது ஒரே வாசல் வழியாக. கந்தகம் கூட்டமாக நின்றால் செலினியத்துக்கு இடம் கிடைக்காது. இதைக் கவனியுங்கள்: அந்தக் கிராமத்தில் ஒருவர் யூரியாவே தொடாமல், நாட்டு மாடு வைத்து, நாட்டு விதை போட்டுக் கோதுமை விளைவித்தாலும் அந்தக் கோதுமையில் செலினியம் அளவுக்கு மேல்தான் இருக்கும். அதையும் 'செலினியம் நிறைந்தது' என்று பையில் அச்சடித்து விற்கலாம், பொய்யாகவும் இருக்காது.

செலினியம் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சீனாவில் கேஷான் என்ற இடத்தின் பெயரிலேயே ஓர் இதய நோய் இருக்கிறது. 1935இல் அங்கே கண்டறியப்பட்டது. செலினியம் அறவே இல்லாத மண்ணில் விளைந்ததை மட்டும் தின்ற குழந்தைகளையும் இளம் பெண்களையும் அது கொன்றது. 1970களில் குழந்தைகளுக்குச் செலினியம் மாத்திரை கொடுத்தபோது நோய் வெகுவாக இறங்கியது. பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி உயிர் கொடுத்தது. அதே மாத்திரை, சாப்பாட்டில் செலினியத்துக்குக் குறைவில்லாத அமெரிக்க ஆண்களுக்குப் பயன்படவில்லை.

இப்போது நம்ம பைக்கு வருவோம். 'செலினியம் உள்ளது' என்று போடுகிறோமே, அந்த நெல்லைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தோமா? பெரும்பாலும் இல்லை. எங்கோ ஒரு புத்தகத்தில் அந்த ரகத்துக்குப் போட்டிருந்த எண். அந்த எண் வேறு மண்ணில் விளைந்த நெல்லுடையது. கருப்புக் கவுனியை தஞ்சை வண்டலில் விளைவித்தாலும் சிவகங்கைச் செம்மண்ணில் விளைவித்தாலும் செலினியம் ஒன்றாக இருக்கும் என்று யார் சொன்னது?

சரி, பரிசோதனையும் செய்தாயிற்று, செலினியமும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 'புற்றுநோயைத் தடுக்கும்' என்ற வரி எங்கிருந்து வருகிறது? முப்பத்தைந்தாயிரம் பேரிடம் ஏழு வருடத்துக்கு மேல் பார்த்து, மாத்திரைக்கே கிடைக்காத சான்று நம் அரிசிக்கு எப்படிக் கிடைத்தது? 'முழு உணவு வேற, மாத்திரை வேற' என்பார்கள். வேறுதான். அப்படியானால் மாத்திரையை வைத்து நடந்த 1996 சோதனையின் பெருமையையும் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. வந்த நல்ல செய்தி நமக்கு, கெட்ட செய்தி மாத்திரைக் கம்பெனிக்கு என்று பங்கு பிரிக்க முடியாது. பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன் சான்று இல்லாமல் பேசினால் நாம் சும்மா விடுவதில்லையே!

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். உணவுப் பொருள் எந்த நோயையும் தடுக்கும், குணமாக்கும் என்று பையில் போடவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் வருட விளம்பர விதிகள் சொல்கின்றன. பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். நம் மகளிர் குழுவுக்கு நோட்டீஸ் வந்தால் யார் போய் நிற்பது?

ஆனால் எனக்கு உண்மையான கவலை நோட்டீஸ் இல்லை. புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே பெருநெல்லி அளவில் இருக்கும் சுரப்பி. வயதானால் வீங்கும். இரவில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டிவரும், சிறுநீர் முக்கி முக்கிப் போகும். பெரும்பாலும் அது புற்றுநோயாக இருக்காது. சில நேரம் இருக்கும். புற்றுநோய் தொடக்கத்தில் எந்தத் தொல்லையும் காட்டாமலும் வளரும். இதையெல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். நம் ஆண்கள் ஏற்கனவே இதை வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள். அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் நம் கடைக்கு வந்து, பையைப் படித்துவிட்டு, 'தம்பி, இதைத் தின்னா அந்தத் தொல்லை சரியாயிடுமா?' என்று மெதுவாகக் கேட்டால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க ஒரு காரணம் தேடுகிறார் என்று அர்த்தம். அந்தக் காரணத்தை நாம் கிலோ 150 ரூபாய்க்கு விற்கக் கூடாது. 'அரிசி நல்லா இருக்கும்ப்பா, வாங்கிக்கங்க. ஆனா அதுக்கு மொதல்ல டாக்டரைப் பாருங்க' என்று சொல்ல நம் கடையில் நிற்கும் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

பையில் பிறகு என்னதான் போடுவது? நம்மால் சான்றோடு சொல்லக்கூடியது நிறையவே இருக்கிறது. ரகத்தின் பெயர், ஊர், விளைவித்தவர், எந்த மாதம் நட்டது, எந்த மாதம் அறுத்தது, என்ன போட்டோம், என்ன போடவில்லை, எப்போது அரைத்தது, எத்தனை தடவை தீட்டியது. மாத்திரைக் கம்பெனி எதுவும் இதையெல்லாம் எழுத முடியாது. பிஜிஎஸ் குழுக்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விதியாகவே எழுதிக்கொள்ளலாம் என்பது என் வேண்டுகோள். 'ஏற்கனவே அச்சடிச்ச பை ஆயிரம் கெடக்கே' என்பார்கள். அந்த வரி தெரியாமல் மேலே ஒட்ட ஒரு சின்னச் சீட்டு போதும், அதில் அறுவடை மாதத்தையும் ஊர்ப் பெயரையும் எழுதிவிடலாம்.